ஃபீடர் கம்பியில் வாசலின் தடவாதீர்கள்

இந்தக் கோடையில் எங்களிடம் சிகிச்சைக்கு இன்னொரு ஹம்மிங்பேர்ட் வந்து சேர்ந்தது. பூவில் தேன் குடிக்கும் குட்டிப் பறவை அது. அதற்காகச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வீட்டு வெளியே தொங்கவிடும் பாத்திரம்தான் ஃபீடர். நெஞ்சு இறகெல்லாம் ஒட்டிப்போய், திரி திரியாக. கொண்டுவந்தவர் இங்கே டெக்சாஸில் வசிக்கும் நம்மூர்க்காரர். "எறும்பு ஏறாம இருக்க ஃபீடர் கம்பியில வாசலின் தடவினேன் டாக்டர், வேற ஒண்ணும் பண்ணலை" என்றார். பண்ணினதே அதுதானே!

"குழந்தைக்கே தடவுறோமே, விஷமா என்ன?" என்று அடுத்த கேள்வி வரும். விஷம் என்று யார் சொன்னது? இந்தப் பறவையின் எடையே சுமார் 3 கிராம். அதன் உடல் சூட்டைக் காப்பது இறகு மட்டும்தான். பிசுக்கு பட்டால் இறகு படிந்து, குளிரும் ஈரமும் நேராகத் தோலுக்குப் போகும். அலகால் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும். பிசுக்கு இன்னும் பரவும். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய், கிரீஸ் எல்லாம் இதே கதைதான். கம்பியில்தானே தடவினோம் என்பீர்கள். டெக்சாஸ் வெயிலில் அது உருகி, பறவை உட்காரும் இடத்துக்கே வழியும்.

சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார்களே பாட்டி, அதேதான் வழி. ஃபீடருக்கு மேலே மாட்டும் சின்னக் கிண்ணம் கடையில் கிடைக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றுங்கள், வற்றாமல் பாருங்கள். பறவை அதிலும் வாய் வைக்கும், சோப்பு கலக்காதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த எறும்பு சாக்பீஸும் வேண்டாம். அதை இங்கே விற்பதே சட்டவிரோதம். பூச்சி ஸ்ப்ரே கூடவே கூடாது. குட்டிப் பூச்சியும் சிலந்தியும்தான் இந்தப் பறவைக்குப் புரதம்.

தேனீ, குளவி தொல்லையா? தட்டு மாதிரி ஃபீடர் வாங்குங்கள். நீர்மட்டம் துளைக்குக் கீழே இருப்பதால் பறவையின் நாக்கு எட்டும், தேனீயின் நாக்கு எட்டாது. ஃபீடரில் அலங்கார மஞ்சள் பூ ஒட்டியிருந்தால் பிய்த்துவிடுங்கள், மஞ்சள் தேனீயை இழுக்கும். பாட்டில் ஃபீடர் வெயிலில் தொங்கினால் ஒழுகும், நிழலுக்கு மாற்றுங்கள். ஃபீடரில் ஊற்ற ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர், அவ்வளவுதான். வெல்லம், தேன், சிவப்புச் சாயம் எதுவும் வேண்டாம். நல்ல வெயிலில் தினமும் மாற்றுங்கள்.

ஒட்டிப்போன பறவை கிடைத்தால், தயவுசெய்து நீங்களே குளிப்பாட்டாதீர்கள். காற்றோட்டமுள்ள சின்ன அட்டைப்பெட்டியில் டிஷ்யூ விரித்து, இருட்டான, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டு, உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்தைக் கூப்பிடுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. என்ன தடவினீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டமாட்டோம்.