எரிமலை அடங்கியதுபோல் தெரிந்தால் எச்சரிக்கையைக் குறைக்கலாமா?

எரிமலைக்குள் மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, மேலேறுவதை யாராலும் நேரில் பார்க்க முடியாது, அது போகிற வழியில் செய்கிற வேலையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாறையை உடைத்துக்கொண்டு வந்தால் நில அதிர்வுமானியில் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் வரிசையாகப் பதிவாகும். விரிசல்களுக்குள் குழம்பும் வாயுவும் பாய ஆரம்பித்ததும் அதிர்வின் தன்மையே மாறி, மெதுவாக ஆடும் அலைகளாகவும் சில சமயம் மணிக்கணக்கில் ஓயாத நடுக்கமாகவும் வரும். கூடவே மலையும் உப்பிக்கொண்டு வரும். சில மில்லிமீட்டர் உப்பலைக்கூட ஜிபிஎஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் வாயு. மாக்மாவிலிருந்து அதிகம் வருவது நீராவியும் கார்பன் டை ஆக்சைடும்தான், ஆனால் அவை காற்றிலேயே நிறைய இருப்பதால் எரிமலையின் பங்கைப் பிரித்தறிவது கஷ்டம். சல்ஃபர் டை ஆக்சைடு அப்படியில்லை: காற்றில் மிகக் குறைவு, புற ஊதாக் கதிரையும் உறிஞ்சும். அதனால் புகைக்கு அடியில் விமானத்தில் பறந்தபடி, வானத்திலிருந்து வரும் ஒளியில் புற ஊதா எவ்வளவு குறைகிறது என்று அளந்து, காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு எத்தனை டன் வெளியேறுகிறது என்று தெரிந்துவிடும்.

பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலையில் 1991 மே 13 அன்று அந்த அளவு சுமார் 500 டன். மே 28-ல் 5,000-ஐத் தாண்டியது. ஜூன் தொடக்கத்தில் 300-க்கும் கீழே இறங்கியது! வாயுவை மட்டும் பார்த்திருந்தால் மலை அடங்கிவிட்டது என்றே தோன்றியிருக்கும். ஆனால் அதிர்வுகள் கூடிக்கொண்டிருந்தன. வாயு வரும் வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறுகிறதோ என்று விஞ்ஞானிகள் சந்தேகித்தார்கள். ஐந்து நிலைகள் கொண்ட எச்சரிக்கைத் திட்டத்தில் ஜூன் 5-ல் மூன்றாம் நிலையை அறிவித்தார்கள், அதாவது இரண்டு வாரத்துக்குள் வெடிக்கலாம். 7-ஆம் தேதி நான்காம் நிலை, 24 மணி நேரத்துக்குள். 9-ஆம் தேதி ஐந்தாம் நிலை, வெடிப்பு நடக்கிறது. மக்களை வெளியேற்றும் வட்டமும் 10 கிலோமீட்டரிலிருந்து படிப்படியாக 40 வரை விரிந்தது. ஜூன் 15-ல் பெருவெடிப்பு. மலையைச் சுற்றியிருந்த அதிர்வுமானிகளில் பெரும்பாலானவை அன்றே செயலிழந்தன.

அந்த ஐந்து நிலைத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, நிலையை இறக்குவதற்கான விதி. ஏற்றுவதற்கு எந்தக் காத்திருப்பும் கிடையாது, ஆனால் நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்க, மலை அமைதியான பிறகும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும், மூன்றிலிருந்து இரண்டுக்கு 72 மணி நேரம். முகாமில் இருப்பவர்கள் வீட்டையும் வயலையும் பார்க்கத் துடிப்பார்கள், அது நியாயம்தான், அந்த நேரத்தில் அதிகாரிகள் மீது விழும் நெருக்கடிக்கு முன்னால் ஏற்கெனவே எழுதிவைத்த விதி ஒன்று இருந்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும். பினாட்டுபோவில் பெருவெடிப்புக்குப் பிறகும் சாம்பல் வெடிப்புகள் தொடர்ந்ததால், ஐந்தாம் நிலை செப்டம்பர் வரை நீடித்தது.