அட்ரீனல் குறைபாடு இருக்கிற வீட்ல அந்த அவசர ஸ்டீராய்டு ஊசி எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்

அட்ரீனல் குறைபாடுன்னு கண்டுபிடிச்சு மாத்திரை எழுதிக் குடுத்தாச்சுன்னா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. ஹார்மோன் கோளாறு பாக்குற எண்டோகிரைன் டாக்டரா நான் பாத்த வரைக்கும் இவங்க சீரியஸா கேஷுவால்டிக்கு வர்றதுக்கு ரெண்டு காரணம்தான் திரும்பத் திரும்ப வருது, ஒண்ணு யாரோ சொன்னாங்கன்னு மாத்திரைய நிறுத்தியிருப்பாங்க, இன்னொண்ணு காய்ச்சலோ வாந்தியோ வந்த அன்னிக்கு டோஸ கூட்டணும்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. ரெண்டுமே தடுக்கக்கூடிய விஷயம், அதனாலதான் கொஞ்சம் விளக்கமா எழுதுறேன்.

ரெண்டு கிட்னிக்கும் மேல சின்னதா ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான் அட்ரீனல் சுரப்பி. அதுல சுரக்கிற கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் இல்லன்னா பிபி நிக்காது, சுகர் நிக்காது. நல்லா இருக்கிற உடம்பு காய்ச்சல் வந்தாலோ, எலும்பு முறிஞ்சாலோ, ஆபரேஷன் பண்ணாலோ கார்ட்டிசால தானாவே பல மடங்கு கூட்டிச் சுரந்துக்கும். இவங்க உடம்பால அது முடியாது, அத மாத்திரையாவோ ஊசியாவோ நாமதான் கூட்டிக் குடுக்கணும்.

1855ல தாமஸ் அடிசன்ங்கிற லண்டன் டாக்டர் இத விவரிச்சு எழுதினப்ப மருந்துன்னு எதுவுமே கிடையாது, வந்தவங்க இறந்துதான் போனாங்க. 1940கள் கடைசில கார்ட்டிசோன் வந்த பிறகு நிலைமையே மாறிடுச்சு. அமெரிக்க ஜனாதிபதியா இருந்த கென்னடிக்கு இந்த நோய் இருந்துச்சு. மாத்திரை ஒழுங்கா போட்டா படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணிக்கலாம், குழந்தை பெத்துக்கலாம், இத ஒவ்வொரு புது பேஷண்டுக்கும் நான் முதல் நாளே சொல்லிடுவேன்.

நம்ம ஊர்ல யாருக்கு வருதுன்னா, நோய் எதிர்ப்பு சக்தியே சுரப்பிய தாக்கி வர்றது ஒரு பக்கம், டிபி கிருமி சுரப்பிய அழிச்சு வர்றது இன்னொரு பக்கம். பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போய், அட்ரீனல வேலை வாங்குற பிட்யூட்டரிங்கிற மூளை அடிச் சுரப்பி பாதிச்ச பெண்கள் இருக்காங்க, குழந்தைக்குப் பால் சுரந்திருக்காது, அப்புறம் பீரியட்ஸும் திரும்பி வந்திருக்காது, வருஷக்கணக்கா சோர்வா இருக்காங்கன்னு ரத்தசோகை மாத்திரையே குடுத்துட்டு இருப்பாங்க. ஆனா எண்ணிக்கைல எல்லாத்தையும் விட அதிகம் யாருன்னா ஸ்டீராய்டு மாத்திரைய, அதாவது கார்ட்டிசால் மாதிரியே வேலை செய்யிற மருந்த, மாசக்கணக்கா சாப்பிட்டவங்க. மூட்டு வலிக்கு, வீசிங்குக்கு, தோல் அரிப்புக்குன்னு ஆரம்பிச்சு பழைய சீட்டைக் காட்டிக் காட்டி வாங்கிட்டே இருப்பாங்க, உடம்பு போடணும்னு பெட்னெசால்ங்கிற ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடுற பொண்ணுங்களையும் பாக்குறேன், பேர் எழுதாத பொட்டலத்துல வர்ற மூட்டு வலிப் பொடில என்ன கலந்திருக்குன்னு வாங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது. இவங்களுக்கு மூஞ்சி உப்பி, வயித்துல சிவப்புக் கோடு விழுந்து, பாத்தா உடம்புல ஸ்டீராய்டு நிறைய இருக்குன்னுதான் தோணும், ஆனா சொந்த சுரப்பி வேலைய நிறுத்தி ரொம்ப நாளாயிருக்கும், அதனால மாத்திரைய திடீர்னு நிறுத்தினா ஆள் சுருண்டு விழுந்துடுவாங்க. தினமும் 5 மி.கி. அளவு ப்ரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டே ஆனாலும் மூணு நாலு வாரத்துக்கு மேல சாப்பிட்டிருந்தா சொல்லாம கொள்ளாம நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா குறைக்கணும்.

சுரப்பியே கெட்டுப்போன அடிசன்ஸ் நோய்ல உடம்பு கறுக்கும். உள்ளங்கை ரேகை, விரல் முட்டி, ஈறு, பழைய தழும்பு இதெல்லாம் கறுக்கிறதப் பாத்துட்டு வீட்ல என்ன சொல்லுவாங்கன்னா, வெயில்ல சுத்திட்டு கறுத்துட்டான்னு. எழுந்து நின்னா தலை சுத்தும், எடை குறையும், ஊறுகாய வெறும் வாயில சாப்பிடத் தோணும், கல் உப்ப எடுத்து வாயில போட்டுக்கிட்ட பையனெல்லாம் உண்டு. ரத்தத்துல சோடியம் குறைஞ்சு பொட்டாசியம் கூடியிருந்தா, காலை 8 மணிக்கு கார்ட்டிசால் எடுத்துப் பாக்கணும். பிட்யூட்டரி கோளாறுலயும் மாத்திரைய நிறுத்தினதுல வர்றதுலயும் இந்தக் கறுப்பு வராது, அதனாலதான் அவங்களுக்குக் கண்டுபிடிக்க இன்னும் லேட்டாகுது.

இங்க ரெண்டு மருந்து விஷயம் சொல்லிடுறேன். டிபிக்கு குடுக்கிற ரிஃபாம்பிசின் கார்ட்டிசால சீக்கிரம் கரைச்சுடும், அத ஆரம்பிக்கும்போது ஸ்டீராய்டு டோஸ கூட்ட வேண்டி வரும். அதே மாதிரி கார்ட்டிசாலும் தைராய்டும் ரெண்டுமே கம்மின்னா முதல்ல ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டு மாத்திரை, மாத்திக் குடுத்தா படுத்துடுவாங்க.

பெரியவங்களுக்கு பொதுவா ஹைட்ரோகார்ட்டிசோன், அதாவது மருந்தா வர்ற கார்ட்டிசால், ஒரு நாளைக்கு 15லேர்ந்து 25 மி.கி. வரைக்கும், ரெண்டு மூணு வேளையா பிரிச்சு, கண்ணு முழிச்சதும் பெரிய டோஸ். அடிசன்ஸ்னா கூடவே உடம்புல உப்ப தக்க வைக்கிற ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் வேணும். சொந்தக்காரங்க வந்து "ஸ்டீராய்டா சாப்பிடுற? கிட்னி போயிடும், நிறுத்து"ன்னு சொல்லுவாங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க. உடம்பு சுரக்க வேண்டிய அளவத்தான் வெளியிலேர்ந்து குடுக்கிறோம், அந்த அளவுல கிட்னி போகாது, நிறுத்தினாதான் உயிர் போகும்.

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல போச்சுன்னா அன்னிக்கு டோஸ் ரெண்டு மடங்கு, 102க்கு மேலன்னா மூணு மடங்கு, உடம்பு சரியாகுற வரைக்கும், பெரும்பாலும் ரெண்டு மூணு நாள், அப்புறம் பழைய அளவு. இது ஹைட்ரோகார்ட்டிசோன் கணக்கு. ப்ரெட்னிசோலோன் எடுக்கிறவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் கணக்கு வேற, உங்க டாக்டர்கிட்ட இப்பவே பேப்பர்ல எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிடுங்க. பல்லு புடுங்கப் போனாலும் முன்னாடியே கேளுங்க, ஆபரேஷன்னா மயக்க டாக்டர்கிட்ட நீங்களே வாயத் திறந்து சொல்லணும்.

வாந்திதான் எனக்கு ரொம்ப பயம். மாத்திரை போட்டு அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா திரும்ப ஒரு தடவ போடுங்க, அதையும் எடுத்துட்டா இன்னொரு மாத்திரைக்குப் போகாதீங்க, ஊசிதான். பேதி நிக்காம போனாலும், ஆள் குழறிப் பேசினாலும், எழுந்து நிக்க முடியலன்னாலும், பெருசா அடிபட்டாலும் இதேதான். ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி., பெரியவங்களுக்கு முழு வயல் (சின்ன மருந்து பாட்டில்), தொடையோட வெளிப்பக்கம் நடுவுல, சதைல நேரா. தேவையில்லாம போட்டுட்டோமோன்னு கவலைப்படாதீங்க, ஒரு ஊசி அதிகமா போட்டதால பெரிய கெடுதல் எதுவும் வந்துடாது, ஆனா போடாம விட்டா சில மணி நேரத்துல கையவிட்டுப் போயிடும். ஊசி போட்டதும் தெம்பு வந்துருச்சுன்னு வீட்லயே இருந்துடாதீங்க, அது சில மணி நேரம்தான் தாங்கும், 108க்கு போன் பண்ணிக் கிளம்பிடணும்.

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனில வேலை பாக்குற ஒருத்தரோட மனைவிக்கு எங்க கிளினிக் நர்ஸ் இத சொல்லிக் குடுத்தாங்க. தேதி முடிஞ்ச வயல் ஒண்ணு, ஒரு சாத்துக்குடி. பவுடர் இருக்கிற வயல்ல ஊசி மருந்து கரைக்கிற தண்ணிய விட்டு உள்ளங்கைல வச்சு உருட்டி, கரைஞ்சதும் சிரிஞ்சுல இழுத்து, காத்த வெளியேத்தி சாத்துக்குடில குத்தணும். முதல் தடவ அவங்க கை நடுங்குச்சு, "எனக்கு ஊசியப் பாத்தாலே ஆகாது டாக்டர்"னாங்க, நாலஞ்சு தடவ செஞ்சதும் பழகிடுச்சு. சில மாசம் கழிச்சு ஒரு ராத்திரி அவருக்கு வாந்தியும் பேதியும், அந்தம்மா பக்கத்து வீட்டுப் பையன டார்ச் அடிக்கச் சொல்லி கரண்ட் இல்லாத வீட்ல ஊசியப் போட்டு ஆட்டோல கூட்டிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றப்ப பிபி 100 இருந்துச்சு. இதே மாதிரி வந்து பிபியே பாக்க முடியாத நிலைமைல இருந்தவங்கள நான் பாத்திருக்கேன், அதனால அந்த 100ங்கிற நம்பர் எனக்கு எவ்வளவு பெருசுன்னு சொல்லி முடியாது.

கேஷுவால்டில "வாந்தி, வயித்து வலி"ன்னு மட்டும் சொன்னீங்கன்னா வாந்திக்கு ஊசி போட்டு ட்ரிப் ஏத்திப் படுக்க வச்சிடுவாங்க, அங்க இருக்கிற கூட்டத்துல அது இயல்பு. உள்ள நுழையும்போதே முதல் வாக்கியமா "இவருக்கு அட்ரீனல் வேலை செய்யாது, ஸ்டீராய்டு ஊசி உடனே போடணும்"னு சொல்லுங்க, கார்டைக் காட்டுங்க. வீட்ல போட்டிருந்தா மணி எத்தனைக்குன்னும் சொல்லுங்க. 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன், வேகமா சலைன், சுகர் செக், அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ 50 மி.கி., இத அப்படியே கார்டுல இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் எழுதி, உங்க டாக்டர் கையெழுத்தும் சீலும் போட்டு லேமினேட் பண்ணி பர்ஸ்ல வைங்க, போன் லாக் ஸ்க்ரீன்லயும் போட்டோவா வைங்க. ரத்த ரிசல்ட் வரட்டும்னு ஊசிய தள்ளிப் போடக்கூடாது, இத சக டாக்டர்களுக்கும் சேத்துதான் சொல்றேன்.

யாரும் யோசிக்காத ஒரு இடம் இருக்கு, சாவு வீடு. போன் வந்ததும் கட்டின துணியோட கிளம்பிடுவாங்க, மாத்திரை வீட்லயே இருக்கும், எடுக்கிற வரைக்கும் சாப்பிட மாட்டாங்க, பந்தல்ல வெயில்ல உக்காந்து அழுதுட்டே இருப்பாங்க. சாயங்காலம் மயங்கி விழுந்தா துக்கத்துல விழுந்துட்டாங்கன்னு தண்ணி தெளிப்பாங்க. அப்பா இறந்து மறுநாள் ராத்திரி இப்படி ஒரு அம்மாவ எங்ககிட்ட தூக்கிட்டு வந்தாங்க, ரத்தத்துல சோடியம் 116க்கு இறங்கியிருந்துச்சு. அதனால ரெண்டு நாள் மாத்திரைய ஹேண்ட்பேக்லயே எப்பவும் போட்டு வைங்க, அந்த மாதிரி நாள்ல டோஸ் கொஞ்சம் கூட்டலாமான்னும் டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வைங்க. பாதயாத்திரை, விரதம், நோன்பு எல்லாத்துக்கும் இதேதான், கிளம்பறதுக்கு முன்னாடி வந்து பேசுங்க. அடிசன்ஸ் இருக்கிறவங்களுக்கு கத்திரி வெயில்ல வியர்வைல உப்பு ரொம்பப் போகும், மோர்ல உப்பு தாராளமா போட்டுக் குடிங்க, பிபிக்காக உப்ப குறைக்கச் சொல்ற அட்வைஸ் உங்களுக்கு இல்ல.

வீட்ல தயாரா வைக்கிற ஊசி டப்பால ரெண்டு வயல் ஹைட்ரோகார்ட்டிசோன், கரைக்கிற தண்ணி, ரெண்டு சிரிஞ்ச் ஊசியோட, பஞ்சு, கார்டோட ஒரு காப்பி, அவ்வளவுதான். விலை பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா சின்ன ஊர் மெடிக்கல்ல எப்பவும் இருக்காது, சீட்டு எழுதி வாங்கி முன்னாடியே ஆர்டர் சொல்லி வைங்க. வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச இடத்துல, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க, எக்ஸ்பைரி தேதிய டப்பா மேலயே மார்க்கர்ல பெருசா எழுதிடுங்க. அடுத்த ரிவ்யூவுக்கு வர்றப்ப நீங்க மட்டும் வராதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்கு ஊசி போடப்போறது யாரோ அவங்களையும் கூட்டிட்டு வாங்க, தேதி முடிஞ்ச வயல் இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க, சாத்துக்குடி நாங்க வாங்கி வைக்கிறோம்.