சேமித்த தண்ணீர் ஏரிக்குப் போய்ச் சேருமா?

ஈரானின் வடமேற்கில் இருக்கும் உர்மியா ஏரி 1990களில் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்தது. நம் சிங்கப்பூரைப் போல ஆறேழு மடங்கு. 2014 வாக்கில் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. 2019இல் நல்ல மழை பெய்து கொஞ்சம் தேறியது. 2023 கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் மறுபடியும் கிட்டத்தட்ட வெறும் உப்புத்தரை.

நீர்வளப் பொறியாளனாக ஒரு சமூக மன்றத்தில் இதைப் பற்றிப் பேசியபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, அந்த ஊர்க்காரங்களும் நம்மள மாதிரி சிக்கனமா இருந்திருந்தா ஏரி பிழைச்சிருக்குமே?” அடிக்கடி வரும் கேள்விதான். பதில்தான் கொஞ்சம் வளைந்து போகும்.

உர்மியாவுக்குள் ஆறுகள் வரும், வெளியே போக வழி கிடையாது. ஆவியாகிப் போவது ஒன்றுதான் செலவு. வரவு குறைந்தால், செலவும் அதற்குச் சமமாகும்வரை ஏரி சுருங்கிக்கொண்டே போகும். ஆழம் குறைவு என்பதால் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினாலே கரை வெகுதூரம் உள்வாங்கிவிடும். தண்ணீர் போகும், உப்பு போகாது. உப்பு ஏற ஏற, உப்புநீரிலேயே வாழும் ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலுக்கும் தாங்கவில்லை. அதைத் தின்ன வந்த பூநாரைகளும் குறைந்தன. காய்ந்த தரையிலிருந்து உப்புப் புழுதி வேறு.

வறட்சி உண்மைதான், ஆனால் வறட்சி முன்பும் வந்திருக்கிறது. இடையில் ஆறுகளில் அணைகள் எழும்பின, கிணறுகள் பெருகின, திராட்சை இருந்த இடங்களில் அதிகத் தண்ணீர் கேட்கும் ஆப்பிள் வந்தது.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் கழிவுநீர்க் குழாயில் இறங்கி, சுத்திகரிப்பு ஆலைக்குப் போய், ஒரு பகுதி மீண்டும் பயன்படுத்தும் அளவுக்குத் தூய்மையாக்கிய புதுநீராகத் திரும்பி வருகிறது. வயலில் அது நடக்காது. பயிர் உறிஞ்சிய தண்ணீர் இலை வழியாகக் காற்றோடு போய்விடும். குழாயை இறுக்கி மூடும் நம் பழக்கத்தை வைத்து அந்த ஏரியை அளக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

சரி, சொட்டுநீர்ப் பாசனம் போட்டால்? இங்கேதான் சிக்கல். வாய்க்கால் பாசனத்தில் வீணாவதாக நாம் நினைப்பதில் ஒரு பகுதி கசிந்து நிலத்தடிக்கும் ஆற்றுக்கும் திரும்பி, கடைசியில் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே வடிவதுதான் கீழே இருப்பவருக்குப் பாசனம். உர்மியாதான் அங்கே கடைமடை. கசிவை நிறுத்திய விவசாயி மிச்சத் தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் பயிர் வைப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் கணக்கில் சேமிப்பு ஏறும்போதே ஏரிக்கு வருவது முன்பைவிடக் குறையவும் கூடும். ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் எடுப்பதற்கு வரம்பு வைக்காமல் சொட்டுநீருக்கு மட்டும் மானியம் கொடுப்பது ஏரியைக் காப்பாற்றாது என்பது என் கருத்து.

மத்திய ஆசியாவின் ஏரல் கடலைப் பாருங்கள். பெயர்தான் கடல், அதுவும் உர்மியா போல வெளியே வழியில்லாத ஏரிதான். 1960இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். சோவியத் காலத்தில் அமு தாரியா, சிர் தாரியா இரண்டு ஆறுகளையும் பருத்திக்கும் நெல்லுக்கும் திருப்பிவிட்டார்கள். கசாக்ஸ்தான் 2005இல் கோக்-ஆரல் அணையைக் கட்டி, சிர் தாரியா கொண்டுவரும் தண்ணீர் தெற்கே ஓடிவிடாமல் பிடித்தது. வடபகுதியில் மட்டம் ஏறியது, மீன்பிடிப்பும் திரும்பியது. தென்பகுதியின் கிழக்குப் பாதியோ 2014இல் முழுதாகக் காய்ந்துபோனது.

நமக்கு அருகிலேயே, மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதிலிருந்து திறந்துவிடும் தண்ணீர்தான் ஜோகூர் ஆற்றில் கடல் உப்பு மேலேறாமல் தடுக்கிறது. கீழே நாம் தண்ணீர் எடுக்க முடிவது அதனால்தான். கடைமடைக்கென்றே தேக்கி வைத்த தண்ணீர் அது.

அடுத்த முறை ஏதோ ஓர் ஏரியை மீட்கும் திட்டம் பற்றிச் செய்தி வந்தால், வயலில் எத்தனை கோடி லிட்டர் மிச்சம் என்ற எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் நட்டிருக்கும் அளவுகோல் போன வருடம் என்ன காட்டியது, இந்த வருடம் என்ன காட்டுகிறது என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.