மெய்நிகர் சர்வர்களுக்கு உரிமம் எண்ணுவது எப்படி

நான்கு சர்வர்கள் ஒரே தொகுப்பாக இயங்கும் ஒரு கிளஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 24 கோர் (கணக்கிடும் அலகு) கொண்ட சிபியு இரண்டு. மொத்தம் 192 கோர். மேலே ஒரு ஹைப்பர்வைசர், அதாவது ஒரு சர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்; அதில் ஓடும் இயந்திரங்களில் 40 விண்டோஸ், ஒன்று மட்டும் ஆரக்கிள் டேட்டாபேஸ். இதற்கு என்ன செலவாகும் என்று கேட்டால் பெரும்பாலோர் ஹைப்பர்வைசரின் விலைப்பட்டியலைத்தான் முதலில் தேடுவார்கள். ஆனால் பட்ஜெட்டை விழுங்குவது பெரும்பாலும் மெய்நிகர் இயந்திரங்களுக்குள் ஓடும் மென்பொருள்தான். அந்த மென்பொருள் இப்போது எந்த ஹோஸ்டில், அதாவது எந்த நிஜ சர்வரில், ஓடுகிறது என்பதோடு, எந்தெந்த ஹோஸ்டுக்கெல்லாம் நகரக்கூடும் என்பதும் கணக்கில் சேரும்.

முதலில் ஹைப்பர்வைசர். ஹைப்பர்வைசர் விற்கும் விஎம்வேர் நிறுவனம் நெடுங்காலம் சாக்கெட்டை, அதாவது சிபியு பொருத்தும் இடத்தை, எண்ணித்தான் விற்றது. 2011-இல் அதன் ஹைப்பர்வைசர் தொகுப்பான விஸ்பியர் 5 வந்தபோது மெய்நிகர் இயந்திரங்களுக்கு ஒதுக்கிய நினைவகத்துக்கும் வரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்ததால் அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். 2020-இல் ஒரு சிபியு உரிமம் 32 கோர் வரைதான் செல்லும் என்றானது. 2023 நவம்பரில் பிராட்காம் அந்த நிறுவனத்தை வாங்கி முடித்தது. டிசம்பரிலேயே நிரந்தர உரிம விற்பனை நின்றது. அதன்பின் சந்தா மட்டும்தான், அதுவும் கோர் கணக்கில்.

இந்தக் கோர் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது: ஒரு சிபியுவில் எத்தனை கோர் இருந்தாலும் குறைந்தது 16-க்குப் பணம் கட்ட வேண்டும். 8 கோர் சிபியு இரண்டு உள்ள பழைய சர்வருக்கு 32 கோருக்கான சந்தா விழும். பாதிப் பணம் இல்லாத கோர்களுக்குப் போகிறது. அதே 16 கோரை ஒரே சிபியுவாக, ஒற்றைச் சாக்கெட் சர்வரில் வாங்கினால் 16-க்கு மட்டும் கட்டினால் போதும். எனவே சர்வர் வாங்கும்போது சிபியு மாடலைத் தேர்ந்தெடுப்பதும் உரிம முடிவுதான். கோர் குறைவாகவும் கடிகார வேகம் அதிகமாகவும் உள்ள சிபியு, வன்பொருள் விலையில் கூடுதலாகத் தெரியலாம். கோர் எண்ணிக்கையில் விற்கப்படும் மென்பொருளைச் சேர்த்துக் கூட்டினால் பல இடங்களில் அதுதான் மலிவு. ஏஎம்டி இபிஒய்சி வரிசையில் பெயர் ‘எஃப்’ என்று முடியும் மாடல்கள் இந்தத் தேவைக்கானவை.

அடுத்தது விண்டோஸ் சர்வர். 2016 பதிப்பிலிருந்து இதற்கும் கோர் கணக்குதான்: ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16. சர்வரின் எல்லாக் கோர்களுக்கும் ஸ்டாண்டர்ட் உரிமம் ஒருமுறை வாங்கினால் இரண்டு விண்டோஸ் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டலாம். இன்னும் இரண்டு வேண்டுமானால் எல்லாக் கோர்களுக்கும் மறுபடியும் வாங்க வேண்டும். டேட்டாசென்டர் பதிப்பில் இந்த எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. 2022 பதிப்பின் பட்டியல் விலை 16 கோருக்கு ஸ்டாண்டர்ட் 1,069 டாலர், டேட்டாசென்டர் 6,155 டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு ஹோஸ்டில் 10 இயந்திரம் வரை ஸ்டாண்டர்ட் மலிவு, 11-ஆவதிலிருந்து டேட்டாசென்டர் மலிவு.

நம் கிளஸ்டரில் 40 விண்டோஸ் இயந்திரங்கள், ஹோஸ்டுக்குப் பத்து. 48 கோருக்கு ஸ்டாண்டர்ட் ஐந்து சுற்று வாங்கினால் ஹோஸ்டுக்கு 16,035 டாலர். டேட்டாசென்டர் என்றால் 18,465. ஸ்டாண்டர்ட் போதும் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் கணக்கு தவறுகிறது. ஒரு ஹோஸ்ட் பழுதானாலோ, பராமரிப்புக்காக அதைக் காலி செய்தாலோ, 40 இயந்திரங்களும் மீதி மூன்றில் ஏறும். ஏதோ ஒன்றில் 14 இருக்கும். ஒரு சர்வருக்கு ஒதுக்கிய விண்டோஸ் உரிமத்தை, வன்பொருள் நிரந்தரமாகப் பழுதானால் தவிர, 90 நாள் கழியாமல் இன்னொரு சர்வருக்கு மாற்ற முடியாது. ஆகவே நான்கு ஹோஸ்டுகளிலும் 14 இயந்திரங்களுக்கு, அதாவது ஏழு சுற்று ஸ்டாண்டர்ட் இருக்க வேண்டும். அது ஹோஸ்டுக்கு 22,449 டாலர். இப்போது டேட்டாசென்டர்தான் மலிவு. உரிமத்தைச் சராசரி நாளுக்கு எண்ணக் கூடாது. கிளஸ்டரின் மிக நெருக்கடியான நாளுக்கு எண்ண வேண்டும். பயனர்களுக்கான அணுகல் உரிமம் இவை எதிலும் அடங்காது, அது தனி.

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரில் இரண்டு வழி உண்டு. மெய்நிகர் இயந்திரத்தின் கோர்களை எண்ணலாம். இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு. அல்லது எண்டர்பிரைஸ் பதிப்பில் ஹோஸ்டின் எல்லாக் கோர்களுக்கும் ‘சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ்’ என்ற பராமரிப்பு ஒப்பந்தத்தோடு வாங்கி, அதில் எத்தனை இயந்திரம் வேண்டுமானாலும் ஓட்டலாம். 48 கோர் ஹோஸ்டில் 8 கோர் உள்ள எஸ்க்யூஎல் இயந்திரம் ஆறு இருந்தால் இரண்டும் சமம்; ஏழாவதிலிருந்து ஹோஸ்ட் வழி லாபம். எஸ்க்யூஎல் இயந்திரங்களை எல்லா ஹோஸ்டிலும் தூவாமல் இரண்டில் குவித்து, ‘கட்டாயம் இந்த ஹோஸ்டில்தான்’ என்ற விதியை வைப்பது நல்லது. ‘முடிந்தால் இங்கே’ என்ற தளர்வான விதி ஹோஸ்ட் பழுதாகும் நேரத்தில் மீறப்படும். உரிமங்களைச் சரிபார்க்க மென்பொருள் நிறுவனம் நடத்தும் தணிக்கையில் கேட்பது அந்த நேரத்துப் பதிவைத்தான்.

ஆரக்கிள் விவகாரம் இவை எல்லாவற்றையும் விடக் கடினம். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) சிபியுவுக்கு அதன் கோர் காரணி, அதாவது கோர் எண்ணிக்கையைப் பெருக்கும் எண், 0.5; இரண்டு கோருக்கு ஒரு பிராசஸர் உரிமம். நம் ஆரக்கிள் இயந்திரத்துக்கு நான்கு மெய்நிகர் கோர்தான் இருக்கிறது, எனவே இரண்டு உரிமம் போதும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விஎம்வேர் போன்றவற்றில் மென்பொருள் மூலம் எல்லை வகுப்பதை ஆரக்கிள் ஏற்பதில்லை. அந்த இயந்திரம் போகக்கூடிய ஹோஸ்ட் எல்லாவற்றையும் எண்ணச் சொல்லும். நான்கு ஹோஸ்டின் 192 கோருக்கு 96 உரிமம்! மேலே சொன்ன கட்டாய விதியும் இங்கே செல்லாது. இந்த நிலைப்பாட்டைச் சொல்லும் ஆவணம் ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தில் இருப்பது மென்பொருள் ‘நிறுவப்பட்ட அல்லது ஓடுகிற’ பிராசஸர் என்ற சொற்கள். அதனால் வாதாட இடம் உண்டு. ஆனால் தணிக்கை நடுவே வாதாடுவதை விட, முன்கூட்டியே பிரித்து வைப்பதே எங்கள் பரிந்துரை. 8 கோர் சிபியு இரண்டு உள்ள ஹோஸ்டுகள் இரண்டைக் கொண்டு, தனிச் சேமிப்பகமும் தனி மேலாண்மையும் உள்ள சிறு கிளஸ்டர் அமையுங்கள். 32 கோருக்கு 16 உரிமத்தோடு முடியும். இயந்திரத்தைக் குறிப்பிட்ட கோர்களோடு கட்டிப்போடும் முறையில், கேவிஎம் என்ற ஹைப்பர்வைசரில் அமைந்த ஆரக்கிளின் சொந்த அமைப்பு அங்கீகரிக்கப்பட்ட எல்லை என்பதால் அதுவும் ஒரு வழி.

ஹைப்பர்வைசரையே மாற்றினால் என்ன? கேவிஎம் 2007 முதல் லினக்ஸ் கெர்னலின் பகுதி. அதன் மேல் கட்டிய பிராக்ஸ்மாக்ஸ், சாக்கெட் கணக்கில் சந்தா கேட்கிறது. சந்தா இல்லாவிட்டாலும் வசதிகள் குறையாது, நிறுவனத் தரப் புதுப்பிப்புக் களஞ்சியமும் ஆதரவும்தான் கிடைக்காது. மிச்சம் உண்மையானது. ஆனால் அது ஹைப்பர்வைசர் செலவில் மட்டும்தான். விண்டோஸ், எஸ்க்யூஎல் கணக்கு ஒரு காசும் குறையாது.

மாற்றும்போது தடுக்கி விழும் இடங்களும் தெரிந்தவையே. கேவிஎம்மின் மெய்நிகர் டிஸ்க், பிணைய அட்டைகளுக்கான விர்ட்ஐஓ டிரைவரை முன்கூட்டி நிறுவாமல் விண்டோஸை நகர்த்தி, டிஸ்க்கை விர்ட்ஐஓ வழியாக இணைத்தால், துவக்க டிஸ்க் தெரியாமல் நீலத்திரையில் நிற்கும். முதலில் சாட்டா டிஸ்க்காக ஏற்றி, டிரைவரைப் போட்டு, பிறகு விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் சரியாகும். லினக்ஸில் பிணைய அட்டையின் பெயர் மாறிவிடும். பழைய பெயரில் எழுதிய ஐபி அமைப்பு செயல்படாது. ஸ்னாப்ஷாட்டுகளை (இயந்திரத்தின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்த பதிவுகளை) ஒன்றாக்கிவிட்டு, இயந்திரத்துக்குள் நிறுவிய துணை மென்பொருளான விஎம்வேர் டூல்ஸைப் பழைய இடத்திலேயே நீக்கிவிட்டு நகர்த்துங்கள். நகர்த்திய பின் அது சுலபமாக நீங்குவதில்லை. பேக்கப் மென்பொருள் புதிய தளத்தை ஆதரிக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

மாற்றாமலே குறைக்கவும் வழி உண்டு. கோருக்குப் பணம் கட்டும்போது சும்மா இருக்கும் கோர்தான் நட்டம். பல கிளஸ்டர்களில் சிபியு பாதிகூட நிரம்பாதபோதே நினைவகம் தீர்ந்துவிடும். உடனே புது ஹோஸ்ட் வாங்குவார்கள், 48 கோருக்கு எல்லா உரிமமும் சேர்ந்து வரும். நினைவகத்துக்கு இன்று உரிமக் கணக்கு இல்லை என்பதால் இருக்கும் ஹோஸ்டுகளில் அதைக் கூட்டுவதே முறை. சிபியுவில் இடம் இருக்கிறதா என்று பார்க்க, பயன்பாட்டு விழுக்காட்டை விட ‘சிபியு ரெடி’ அளவை, அதாவது மெய்நிகர் கோர் நிஜக் கோருக்காகக் காத்திருந்த நேரத்தை, நம்பலாம். 20 விநாடி இடைவெளியில் ஒரு மெய்நிகர் கோர் 1,000 மில்லிவிநாடி காத்திருந்தால் அது 5 விழுக்காடு. தொடர்ந்து அதைத் தாண்டினால் மட்டுமே கோர் போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் அப்போதும், தேவைக்கு மேல் கோர் ஒதுக்கிய இயந்திரங்களைச் சுருக்கினாலே இந்த அளவு இறங்கிவிடும்.

சந்தா முடியும் தேதியைத் தனியாகக் குறித்து வையுங்கள். விஸ்பியர் உரிமம் காலாவதியானால் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் நிற்காது. ஆனால் ஹோஸ்ட், மேலாண்மை மென்பொருளான விசென்டரிலிருந்து துண்டிக்கப்படும், ஒருமுறை அணைத்த இயந்திரத்தை மறுபடி இயக்க முடியாது. புதுப்பிப்பதா, வெளியேறுவதா என்று கடைசி மாதத்தில் யோசிப்பவருக்குப் பேரம் பேச எதுவும் மிஞ்சாது. வெளியேறுவதென்றால் முக்கியமில்லாத சில இயந்திரங்களை ஓராண்டுக்கு முன்பே நகர்த்தி, பேக்கப்பிலிருந்து மீட்டும் பார்த்திருக்க வேண்டும்.