ஒரே ஒரு பீஸ் கார் பார்ட் செய்யணுமா? லேத் பட்டறைக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சிட்டு வாங்க

"அண்ணே, இதே மாதிரி ஒண்ணு போட்டுத் தரணும், எவ்ளோ ஆகும்?"

தேஞ்சு போன ஒரு புஷ்ஷ (ஷாஃப்ட் உள்ள போய் உக்கார்ற குழாய் மாதிரி துண்டு) தூக்கிட்டு வர்றவங்க கேக்குற முதல் கேள்வி இதுதான். நான் புதுச்சேரி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் லேத்தும் மில்லிங்கும் வச்சிருக்கேன், சோறு போடுறது கம்பெனிங்களோட மெயின்டனன்ஸ் வேலைதான், ஆனா பழைய கார் ஆசைல ஷெட்டுக்குள்ள அம்பாசடரும் பத்மினியும் நிறுத்தி வச்சிருக்கவங்க நடுநடுவுல வந்துகிட்டே இருப்பாங்க. ஸ்பேசர், புல்லி, ஆல்டர்னேட்டர் பிராக்கெட், ஸ்லீவ், இப்படி எங்கயும் கிடைக்காத ஒத்த பீஸு. வேலை பிடிச்ச வேலைதான். ஆனா நிறைய பேர் தப்பான பட்டறைக்கு, தப்பான சாம்பிளோட போய் காச விட்டுட்டு கடைசில நம்மகிட்ட வர்றாங்க, அதான் இந்த போஸ்ட்.

முதல்ல அந்த "இதே மாதிரி"ய பாப்போம். தேஞ்ச பீஸ அளந்து அப்படியே கடைஞ்சா தேய்மானத்தையும் சேத்துதான் காப்பி அடிக்கிறோம். கம்பெனில இருந்து வந்தப்ப உள்விட்டம் 25 மில்லி, இப்ப அளந்தா 25.4 காட்டுது, அதயே போட்டுக் குடுத்தா மாட்டின அன்னிக்கே ஆடும், அப்புறம் லேத்துக்காரன் சரியில்லன்னு பேரு. அதனால பீஸ் மட்டும் கொண்டு வராதீங்க, அது எதுக்குள்ள போகுதோ, அதுக்குள்ள எது போகுதோ, ரெண்டையும் கழட்டி எடுத்துட்டு வாங்க. ஷாஃப்டும் தேஞ்சிருந்தா அத கிரைண்ட் பண்ணி புஷ்ஷ அதுக்கு ஏத்த சைஸ்ல போடலாம், இல்ல ரெண்டையுமே புதுசா போடலாம், எதுனாலும் கைல பொருள் இருந்தாதான் சொல்ல முடியும். பக்கத்துல பேரிங் இருந்தா அதோட நம்பர பாத்து எழுதிட்டு வாங்க, ஏன்னா பேரிங் சைஸ் மாறவே மாறாது, 6205-ன்னா உள்ள 25, வெளிய 52, அகலம் 15, அத வச்சே ஒரிஜினல் அளவு என்னவா இருந்திருக்கும்னு பாதி கண்டுபிடிச்சிடலாம்.

அடுத்தது ஃபிட், அதாவது ஓட்டைக்குள்ள ஷாஃப்ட் எவ்ளோ லூசா, எவ்ளோ இறுக்கமா உக்காரணும்ங்கறது. இதான் ரொம்ப பேருக்கு புரியாத இடம். எவ்ளோ கூடலாம், குறையலாம்னு சொல்ற சார்ட்ல ஹெச்7, ஜி6, பி6-ன்னு பேரு இருக்கும். 25 மில்லி ஓட்டைய ஹெச்7 அளவுல போட்டா 25.000-ல இருந்து 25.021 வரைக்கும் இருக்கலாம். அதுக்குள்ள ஷாஃப்ட் கையால தள்ளினா வழுக்கிட்டு போகணும்னா ஜி6, அதாவது 24.980-ல இருந்து 24.993. பிரஸ்ல வச்சு அழுத்தி உக்காத்தணும், திரும்ப அசையவே கூடாதுன்னா பி6, 25.022-ல இருந்து 25.035. சும்மா சுத்துறதுக்கும் கல்லு மாதிரி புடிச்சிக்கிறதுக்கும் நடுவுல இருக்கறது 0.04 மில்லி சமாச்சாரம்தான். நீங்க "இருவத்தஞ்சு மில்லி"ன்னு மட்டும் சொன்னா நான் எத போடுறது? ஹெச்7, ஜி6 எல்லாம் உங்களுக்கு தெரியணும்னு இல்ல, "இது சுத்தணும், இது சுத்தக் கூடாது, இது அடிக்கடி கழட்டுவோம்" அப்படின்னு சொன்னா போதும், மீதிய பட்டறைக்காரர் பாத்துக்கணும். அவரு அத கேக்கவே இல்லன்னா, சும்மா தலைய மட்டும் ஆட்டினார்னா, பீஸ திருப்பி வாங்கிட்டு கிளம்புங்க. இன்னொண்ணு, சாதா வெர்னியர் 0.02 மில்லி வரைக்கும்தான் காட்டும், பேரிங் உக்கார்ற இடத்த அத வச்சு அளக்குறது நம்பிக்கைல நடக்குற வேலை. மைக்ரோமீட்டரும், ஓட்டையோட உள்விட்டம் அளக்குற போர் டயலும் பட்டறைல இருக்கா, இருந்தா தூசி புடிச்சு கெடக்கா, டெய்லி எடுக்குற மாதிரி இருக்கான்னு ஒரு பார்வை பாருங்க.

எங்க போறது? தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு பக்கம் சிஎன்சி வரிசையா ஓடுற யூனிட்டுக்கு போனா பெரும்பாலும் முடியாதுன்னுதான் சொல்லுவாங்க, திமிருன்னு நெனைக்காதீங்க, ஒரே பார்ட்ட ஆயிரக்கணக்குல போடுறவங்க உங்க ஒத்த பீஸுக்காக செட்டிங்க கலைச்சா அன்னிக்கு டிஸ்பேட்ச் போச்சு, அதுவும் மாசக் கடைசில கேக்கவே வேணாம். உங்களுக்கு வேண்டியது ரிப்பேர் வேலை பாக்குற பட்டறை. கம்பெனி பம்ப்பு, ரைஸ் மில், கரும்பு ஆலை மெயின்டனன்ஸ்னு வேலை எடுக்குறவங்க. கடலூர்ல இருக்கறவங்க முதுநகர் துறைமுகம் பக்கம் படகுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடையிறவங்கள விசாரிச்சுப் பாருங்க, தினமும் வேற வேற உடைஞ்ச பொருளப் பாத்து பழகின கை அது, டிராயிங் இல்லாமயே பொருளப் பாத்து வேலை என்னன்னு புரிஞ்சிக்கும். ஆனா கியர், ஸ்ப்லைன்னு வந்துட்டா எங்கள மாதிரி சின்ன பட்டறைல பல்லு வெட்டுற ஹாபிங் மெஷின் இருக்காது, அம்பத்தூருக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்புவோம், அதனால "இங்கயே பண்றீங்களா, வெளிய அனுப்புறீங்களா"ன்னு நேரா கேளுங்க, நாங்க ஒண்ணும் கோச்சுக்க மாட்டோம். அதுக்கும் முன்னாடி சென்னை புதுப்பேட்டைல ஒரு தடவ தேடிப் பாத்துடுங்க, அம்பாசடர் உற்பத்தி 2014-லயே நின்னு போனாலும் பார்ட்ஸ் இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு, கிடைக்கிற பொருள எதுக்கு செய்யணும்?

மெட்டீரியல் விஷயத்துல உஷாரா இருங்க. மூலைல கெடக்குற ஏதோ ஒரு ராட எடுத்து கடைஞ்சுட்டா பாக்க பளபளன்னுதான் இருக்கும், எம்எஸ்ஸா (சாதா மைல்ட் ஸ்டீல்), இல்ல அத விட உறுதியான ஈஎன் 8, ஈஎன் 24 ஸ்டீலான்னு கண்ணால சொல்ல முடியாது. ஸ்பேசருக்கு எம்எஸ் தாராளம். பாரம் தாங்குற ஷாஃப்ட்டுக்கு ஈஎன் 8, முறுக்கு அதிகம்னா ஈஎன் 24, அது ஹீட் ட்ரீட்மென்ட்டோட சேத்து. பில்லுல கிரேடு பேர எழுதித் தரச் சொல்லுங்க. நம்ம ஊர்ல உப்புத் தண்ணியும் ஒரு கணக்கு. தெர்மோஸ்டாட் ஹவுசிங் அரிச்சுப் போய் கொண்டு வர்றவங்கள நிறைய பாத்திருக்கேன், கூலன்ட் ஊத்தாம உப்பு கலந்த போர் தண்ணிய வருஷக்கணக்குல ஊத்தினா அலுமினியம் தாங்காது. அத 6061-ன்ற அலுமினிய கிரேடு பிளாக்ல மில்லிங் பண்ணித் தரலாம், நல்லாவே வரும், ஆனா திரும்பவும் அதே தண்ணிதான்னா புது ஹவுசிங்குக்கும் அதே கதிதான்.

பழைய வண்டில த்ரெட்டும் கவனிக்கணும். அரை இஞ்ச் போல்ட்டுன்னு ஒரே பேருதான், பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த்துன்னா இஞ்சுக்கு 12 த்ரெட்டு, அமெரிக்க அளவான யுஎன்சின்னா 13, அதுக்கு மேல த்ரெட்டோட கோணம் முதல்ல சொன்னதுக்கு 55 டிகிரி, ரெண்டாவதுக்கு 60. ஒண்ணுக்குள்ள இன்னொண்ண போட்டா முதல் ரெண்டு சுத்து கையால போகும், அப்புறம் இறுகும், அங்க ஸ்பேனர போட்டு முறுக்கினா த்ரெட் காலி. த்ரெட்ட அளக்குற பிட்ச் கேஜ் வச்சுப் பாக்காம டேப் போடுற (ஓட்டைக்குள்ள த்ரெட் வெட்டுற) ஆள்கிட்ட குடுக்காதீங்க.

நான் வாங்காத வேலையும் இருக்கு. ஸ்டியரிங் லிங்க், டை ராட், பால் ஜாயின்ட், பிரேக் காலிப்பர்ல எதுவா இருந்தாலும், எவ்ளோ காசு குடுத்தாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அளவு சரியா வந்துடும், ஆனா அந்த ஃபோர்ஜிங்கோட உறுதியும் டெஸ்ட்டிங்கும் என் லேத்துல வராது, உடைஞ்சா ரோட்ல போற இன்னொருத்தரும் போவாரு. "நான் செஞ்சு தர்றேன்"னு ஒருத்தர் உடனே ஒத்துக்கிட்டா அந்த தைரியத்த பாராட்டாதீங்க. அதே மாதிரி டயர வெளிய தள்ளுற வீல் ஸ்பேசர், உயரம் கூட்டுற வேலை எல்லாம் மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுல போய் மாட்டும், கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன விட்டு வண்டிய மாத்தக் கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. உடைஞ்ச பொருளுக்கு அதே அளவுல பொருள் போடுறது வேற.

காசு விஷயம். "பத்து நிமிஷ வேலைதானே"ன்னு சொல்லாதீங்க சார், பிட் ஓடுறது பத்து நிமிஷம்தான், அதுக்கு முன்னாடி அளக்குறது, வரையிறது, ராடு அறுக்குறது, நாலு ஜா சக்குல போட்டு டயல் வச்சு சென்டர் புடிக்கிறதுன்னு போற நேரத்துக்கு யார் கூலி குடுப்பா. அதனாலதான் ஒண்ணு போட்டாலும் ரெண்டு போட்டாலும் விலை இரட்டிப்பாகாது, செட்டிங் ஏற்கனவே இருக்கு, ரெண்டாவதுக்கு மெட்டீரியலும் கொஞ்சம் மெஷின் நேரமும்தான். ரெண்டா கேளுங்க, ஒண்ண டிக்கில போட்டு வைங்க.

டெலிவரி எடுக்கும்போது அந்த ஷாஃப்ட கைல வச்சுக்கிட்டு பட்டறைலயே மாட்டிப் பாருங்க, ஜிங்க் பிளேட்டிங்குக்கு அனுப்புறதா இருந்தா அத கடையிறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், பத்து மைக்ரான் பூச்சு ஓட்டைக்குள்ள ரெண்டு பக்கமும் ஏறினா விட்டத்துல 0.02 மில்லி போயிடும், மேல ஃபிட்டுல சொன்ன அந்த 0.04-ல அது பாதி.