கரண்ட் போன பிறகு எரிய வேண்டிய விளக்கு

1993 பிப்ரவரி 26, மதியம். நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் குண்டு வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அவசரகால ஜெனரேட்டர்கள் ஓடத்தான் தொடங்கின. ஆனால் அவற்றைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்கள் வெடிப்பில் உடைந்திருந்ததால், சூடேறிச் சீக்கிரமே நின்றுவிட்டன. பல்லாயிரம் பேர் புகை சூழ்ந்த கும்மிருட்டில் படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இறங்கினார்கள். எல்லோரும் வெளியேற நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகுதான் அந்தப் படிக்கட்டுகளில் பேட்டரி விளக்குகளும், இருட்டில் ஒளிரும் பெயின்ட்டும் வந்தன.

"நம்ம பில்டிங்லதான் ஜெனரேட்டர் இருக்கே, தனியா எமர்ஜென்சி லைட் எதுக்கு?" என்று கேட்கும் உரிமையாளர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். ஜெனரேட்டர் ஓர் இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து விளக்கு வரை வயர் வர வேண்டும். தீயோ வெடிப்போ வெள்ளமோ நடுவில் எங்கே புகுந்தாலும் கதை முடிந்தது. விளக்குக்குள்ளேயே பேட்டரி இருந்தால், கட்டடத்தின் மற்ற வயர்களுக்கு என்ன ஆனாலும் அது தன் பாட்டுக்கு எரியும்.

அப்படிப்பட்ட விளக்கின் உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை. பேட்டரி, அதை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கும் சார்ஜர், மின்சாரம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் சின்ன சர்க்யூட், ஒரு எல்.இ.டி. வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் சர்க்யூட் விளக்கை பேட்டரிக்கு மாற்றிவிடும். சார்ஜ் ஏறுகிறது என்று காட்ட வெளியே ஒரு சிறு பச்சை லைட்.

சரி, "மின்சாரம் வருகிறதா" என்றால் எந்த மின்சாரம்? பெரும்பாலான கோளாறு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மூன்றாவது மாடி வராந்தாவின் எம்.சி.பி. (கோளாறு வந்தால் அந்த லைனைத் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் டிரிப் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வராந்தா இருட்டாகிவிட்டது. அங்குள்ள அவசர விளக்குக்கு வேறொரு லைனிலிருந்து இணைப்பு கொடுத்திருந்தால், அதைப் பொறுத்தவரை எல்லாம் நலம், எரியாது. அதனால்தான் ஓர் இடத்தின் சாதாரண விளக்குகள் எந்த லைனில் ஓடுகின்றனவோ, சுவிட்சுக்கு முன்னாலேயே அதே லைனிலிருந்து அவசர விளக்குக்கும் இணைப்பு எடுக்க வேண்டும். மெயினை அணைத்துப் பார்த்தால் இந்தத் தவறு பிடிபடாது, எல்லா லைனும் ஒன்றாகப் போய்விடுமே. ஒவ்வொரு எம்.சி.பி.யாகத் தனித்தனியே இறக்கிப் பார்க்க வேண்டும். வேலை எடுக்க வருபவரிடம் "எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். விளக்கில் உள்ள சோதனைப் பட்டனை அழுத்திக் காட்டுவேன் என்று மட்டும் அவர் சொன்னால், நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

அடுத்தது வெளிச்சம். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அலுவலக மேசையில் சாதாரணமாக 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். பௌர்ணமி நிலவொளி கால் லக்ஸ் அளவுதான். ஐரோப்பியத் தரநிலை வெளியேறும் வழியின் நடுக்கோட்டில், தரையில், குறைந்தது 1 லக்ஸ் கேட்கிறது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இன்னும் தாராளம்: 10 லக்ஸ், அதுவும் எவ்வளவு சிறிய கட்டடமானாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு.

அளவு மட்டும் போதாது, அது சமமாகவும் பரவ வேண்டும். நம் கண் பார்க்கும் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நொடிகளில் பழகிவிடும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகலாம். வராந்தாவின் இரு முனையிலும் கண்ணைக் கூசும் இரட்டைத் தலை விளக்கை மாட்டி, நடுவில் ஒன்றும் வைக்காமல் விட்டால், நடுவில் இருக்கும் வெளிச்சம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒரு படி இருந்தால் காலை விட்டு விழ வேண்டியதுதான். ஆகவே அதிகபட்ச வெளிச்சம் குறைந்தபட்சத்தைப் போல் 40 மடங்கைத் தாண்டக் கூடாது என்று தரநிலைகள் வரம்பு வைத்திருக்கின்றன. உயரமும் ஏமாற்றும்: விளக்கை இரண்டு மடங்கு உயரத்தில் மாட்டினால் அதற்கு நேர்கீழே கிடைப்பது கால்வாசி வெளிச்சம்.

எனவே, "எத்தனை லைட் சார் வேணும்?" என்று எடுத்ததும் கேட்பவர் நிபுணர் அல்ல, வியாபாரி. விஷயம் தெரிந்தவர் முதலில் கட்டட வரைபடம் கேட்பார். பிறகு நடப்பார். படிக்கட்டு, திருப்பம், தரை மட்டம் மாறும் இடம், தீ அலாரம் பட்டன், தீயணைப்பான் எல்லாம் எங்கே என்று குறிப்பார். கடைசிக் கதவைத் திறந்து வெளியேயும் பார்ப்பார். வாசலுக்கு வெளியே இருட்டாக இருந்தால் முன்னால் வந்தவர் தயங்கி நிற்பார், பின்னால் வருபவர்கள் முட்டுவார்கள். வேலை முடிந்ததும், ராத்திரியில் லக்ஸ் மீட்டரைத் தரையில் வைத்து அளந்து எழுதித் தருவார்.

தமிழ்நாட்டில் மின் ஒப்பந்ததாரர் உரிமம் கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் அது வயரிங் வேலைக்கானது; வெளிச்சக் கணக்கு தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. பிரிட்டனில் இந்த வேலைக்கென்றே, பாஃபே என்ற தீப் பாதுகாப்புச் சான்றளிப்பு அமைப்பின் எஸ்.பி.203-4 என்ற தனிச் சான்றிதழ் இருக்கிறது. இங்கே நாம்தான் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, பேட்டரி. விளக்கின் எதிரி வெப்பம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, மே மாதச் சென்னையில், இரவு பகலாகச் சார்ஜ் ஏறிக்கொண்டே கிடக்கும் பேட்டரி சத்தமில்லாமல் கிழடாகிவிடும். பச்சை லைட் எரியும், பட்டனை அழுத்தினால் விளக்கும் எரியும். ஆனால் ஒன்றரை மணி நேரம் தாங்க வேண்டியது பதினைந்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்கச் சுற்றுவழி கிடையாது. மாதம் ஒரு முறை சிறு சோதனை, வருடம் ஒரு முறை முழு நேரமும் எரிய விட்டுச் சோதனை, இரண்டையும் தேதியோடு பதிவேட்டில் எழுதுவது, அவ்வளவுதான்.

முழுச் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. சோதனை முடிந்ததும் பேட்டரிகள் எல்லாம் காலி. மறுபடி நிரம்ப 24 மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரத்தில் கரண்ட் போனால்? "அன்றைக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டுப் பாருங்கள். விடுமுறைக்கு முந்தைய மாலையில் வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒன்றுவிட்டு ஒரு விளக்காக இரண்டு தடவையில் முடிக்கலாம் என்று யோசிக்காமல் பதில் வந்தால், ஆள் இதைச் செய்து பழகியவர். பேசி முடிக்கும்போது, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத் தொகையில் புது பேட்டரி விலை அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு பெரும்பாலும் அதில்தான் வரும்.