புளி போட்டுத் துலக்காதீர்கள்: ரப்பர் தோட்டத்துப் பழைய கருவிகளை அடையாளம் காண

பினாங்கு லோரோங் குலிட் சந்தையிலோ, தாத்தா வீட்டுப் பரணிலோ பெயர் தெரியாத கருவி கிடைத்தால் முதலில் துலக்காதீர்கள். புளி பித்தளையின் மேல்தோலை அரிக்கும். மெல்லிய எழுத்தும் அளவுக்கோடும் அதோடு போய்விடும். மணல்தாள் போட்டால் இரும்பில் கைபட்ட தேய்மானமும் சாணைக்கல் தேய்மானமும் அழிந்துவிடும். எதற்குப் பயன்பட்டது என்று சொல்லும் சாட்சியே அந்தத் தேய்மானம்தான். உலர்ந்த தூரிகையால் தூசி தட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

நுனி வாய்க்கால்போல் மடிந்த கத்தியைத் தச்சு உளி என்று விற்பார்கள். கைப்பிடியின் அடியைப் பாருங்கள். கொட்டாப்புளி அடி வாங்கிய உளியில் அது நசுங்கி விரிந்திருக்கும். ஜெபோங் எனும் ரப்பர் பால்வெட்டுக் கத்தி கையால் இழுத்து வெட்டுவது; அடித்த தடம் இருக்காது. ஒரு வெட்டுக்குச் சீவுவது ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் பட்டைதான். ஆழம் போனால் மரத்தில் காயம்பட்டு, புதுப்பட்டை முண்டுமுண்டாக வளரும். அதனால் அலகைத் தீட்டிக்கொண்டே இருப்பார்கள். பழைய கத்தி குட்டையாகியிருக்கும்.

அதிகம் குழப்புவது, கீழே குமிழும் மேலே தண்டுமாக இருக்கும் பித்தளை மிதவை. சாராயம் சோதிக்கும் சைக்ஸ் மிதவையோடு 10 முதல் 90 வரை எண்ணிட்ட எடைகள் தனியே வரும். மாட்டுப்பால் சோதிக்கும் மிதவையில் எண்கள் கீழ்நோக்கிக் கூடும். ரப்பர் தண்ணீரைவிட லேசு. அதனால் கெட்டியான ரப்பர் பாலில் மிதவை கூடுதலாக அமிழும். ஆகவே எண்கள் மேல்நோக்கிக் கூடி, கேலனுக்கு இத்தனை ராத்தல் என்று பொறித்திருந்தால் அது மெட்ரோலாக், அதாவது பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று காட்டும் மிதவை. ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து மிதக்கவிட்டால், காட்டும் எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். பால் வெட்டியவரின் கூலிக் கணக்கு இந்தத் தண்டில் தெரிந்த எண்ணை நம்பித்தான் இருந்தது. குமிழ் நசுங்கினால் கொள்ளளவு குறைந்து அதிகம் அமிழும், எண்ணும் கூடிக் காட்டும். ஒடுக்கெடுக்கவோ பற்றுவைக்கவோ கொடுக்காதீர்கள்.

கோலில் குண்டை நகர்த்தி எடை பார்க்கும் டாச்சிங் தராசில் கோல் இருந்து குண்டு மாறியிருப்பது சகஜம். பழைய எடையளவான ஒரு கட்டி என்பது 16 தஹில், ஏறக்குறைய 605 கிராம். அந்த எடைக்கு அரிசி கட்டித் தொங்கவிடுங்கள். தொங்கு கயிறு ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றிலும் பிடித்து, அதற்குரிய புள்ளி வரிசையில் பாருங்கள். எந்தக் கயிற்றிலும் ஒரு கட்டிப் புள்ளியில் கோல் சமமாக நிற்காவிட்டால், பெரும்பாலும் அது வேறு தராசின் குண்டு.